எரிகிற கழுத்து

எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. அன்றைக்கு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு அக்காவின் கழுத்து இருந்தது. காலையில் அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால் முந்தானைக்குள் கையை விட்டுத் தாலியைத் தொட்டுப் பார்ப்பாள். "இன்னிக்கு எரியுது" என்று அவள் சொல்லிவிட்டால் போதும், மாமியார் கையிலிருக்கிற முறம் அப்படியே நின்றுவிடும். என் வீட்டுக்காரர் தன் அண்ணன் முகத்தைப் பார்ப்பார். அண்ணன் சட்டைப் பையில் லாரிச் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் ஓரகத்தி, வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்திலிருந்த அந்த வீட்டுக்கு நான் இண்டூரிலிருந்து வாழ வந்தபோது, அவள் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போன அன்றே, பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி ஆரத்தித் தட்டைக் கழுவுகிற சாக்கில் என்னிடம் வந்தாள். "உன் ஓரகத்தி கழுத்தப் பாத்தியா? அவ குடிச்ச சொம்புல நீ குடிக்காத, சொல்லிப்புட்டேன்" என்றாள். எவ்வளவு நல்ல வரவேற்பு!

அதற்கப்புறம் எனக்கு வேறு எங்கே கண் போகும்? அக்கா எந்நேரமும் கழுத்தைச் சுற்றி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். காதில் தோடு இல்லை. ஓட்டை தூர்ந்து போகாமலிருக்கத் துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள். சோறு போடக் குனிந்தபோது பார்த்துவிட்டேன். நெஞ்சுக்குழியைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்து, நடுவில் சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. எனக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை.

அந்தக் காலத்தில் தோலில் எது வந்தாலும் ஊருக்கு ஒரே நோய்தான் ஞாபகத்துக்கு வரும். பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'பெரிய வியாதி' என்பார்கள், அதற்கே குரல் இறங்கிப் போகும். நான் என் துண்டைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். ஆளில்லாத நேரம் பார்த்துக் கண்ணாடியில் என் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கொசு கடித்துத் தடித்தால்கூட அழுகை வந்துவிடும். அக்காவுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? தன் சொம்பைத் தானே தனியாக எடுத்து அம்மிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

எத்தனை நாளைக்குத்தான் இப்படிப் பயந்து சாவது? எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. "வாங்கக்கா, டாக்டர்கிட்டப் போயி என்னான்னு தெரிஞ்சிக்கலாம். இருந்தா இருக்குது, இல்லன்னா இல்ல" என்று பிடிவாதமாகத் தர்மபுரிக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்து, என்மேல் படாமல் புடவையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வந்தாள்.

டாக்டர் அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பெரிய வியாதியில் தோல் மரத்துப்போகும் என்பதால், உணர்ச்சி இருக்கிறதா என்று குத்திப் பார்க்க மேஜைமேல் ஊசி தேடினார். அகப்படவில்லை. "ஊக்கு இருக்குதாம்மா?" என்றார். தாலிக் கயிறுதானே நம் பெண்களுக்கு ஊக்குப் பெட்டி. முள் எடுக்க, ரவிக்கைக்குப் பொத்தான் போனால் மாட்ட, எல்லாவற்றுக்கும் தாலியோடு நாலு ஊக்கைக் கோத்து வைத்திருப்போம். அக்கா அதிலிருந்து ஒன்றைக் கழற்றி இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். அவர் பஞ்சால் துடைத்துவிட்டு லேசாகக் குத்தினார்.

"அய்யோ ஆத்தா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உணர்ச்சி நல்லாத்தான் இருக்குதும்மா. நீ பயப்படற வியாதி இல்ல. ஏதோ ஒண்ணு ஒடம்புக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார் டாக்டர். அக்கா ஊக்கைத் திரும்ப வாங்கி, பத்திரமாகத் தாலியிலேயே கோத்துக்கொண்டாள். டாக்டரைச் சொல்லிக் குற்றமில்லை. எதிரில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்ததா?

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீ வாங்கினோம். அக்கா பாதி குடித்துவிட்டு, நீட்டலாமா வேண்டாமா என்று தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பிடுங்கி மீதியைக் குடித்தேன். நடுரோட்டில் நின்று அவள் அழுத அழுகை இருக்கிறதே, "என்னாக்கா இது, டீயில சக்கர கம்மியா?" என்று கேட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னோம். மாமியார் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கொட்டைப் பாக்கை வெட்டிக்கொண்டே இருந்தார். கெட்டவர் இல்லை. பெற்ற பிள்ளைமேல் உயிரை வைத்திருந்தவர். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "வியாதி இல்லீன்னா, பின்ன என்னா ஒத்துக்கல? அந்த எடத்துல தாலியத் தவர வேற என்னா இருக்குது?"

அக்காவின் கை தானாகத் தாலிக்குப் போனது. வியாதி என்று பயந்தபோது அவளுக்குத் தன் உயிர் மட்டும்தான் கவலை. தாலியே எரிக்கிறது என்றால் அது கட்டினவன் உயிரல்லவா! அந்த நிமிஷம் அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். களிம்பு டப்பாவை அவள் திறக்கவே இல்லை.

பெரியவர், அதாவது அக்கா வீட்டுக்காரர், லாரி ஓட்டுகிறவர். தொப்பூர்க் கணவாயில் இறங்கிச் சேலம் போய்த் திரும்புகிற வண்டி. அந்த இறக்கத்தில் வாரத்துக்கு ஒரு வண்டியாவது சாயும் என்பார்கள். மாங்காய் சீசன் வந்தால் வண்டி நிற்கவே நிற்காது. கோடை வேர்வையில் அக்காவுக்குக் கழுத்து எரிவதும் அந்தச் சீசனில்தான். இரண்டையும் முடிச்சுப் போட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவளுக்குக் கல்யாணமான சமயம், பதினாலு காரட்டுக்குமேல் நகை செய்யக்கூடாது என்று சட்டம் வந்திருந்தது. தாலியும் அந்தக் கலப்புத் தங்கத்தில்தான் செய்தது. அதுதான் காரணம் என்று மாமியார் முடிவு கட்டினார். சட்டம் தளர்ந்ததும், தன் காதிலிருந்த பழைய தோட்டைக் கழற்றிக் கொடுத்து, நல்ல தங்கத்தில் புதுத் தாலி அடிக்க வைத்தார். நாள் பார்த்து, பூஜை போட்டுப் புதுத் தாலியைக் கோத்து, பழைய கயிற்றிலிருந்த ஊக்குகளையும் ஒன்று விடாமல் மாற்றிக்கொண்டாள் அக்கா. அடுத்த வாரத்துக்குள் மறுபடி எரிந்தது. அதற்குப் பிறகு மாமியாரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

அக்காவுக்கு நகை ஆசை இல்லையென்று நினைத்துவிடக் கூடாது. எக்கச்சக்கம்! ஆனால் அவளுக்கு உலோகமெல்லாம் உயிருள்ள பிராணி. "வெள்ளி சாது. பித்தள மொறைக்கும், ஒண்ணும் பண்ணாது. இந்த ஜெர்மன் சில்வர் இருக்குது பாரு, அது கடிக்கும்" என்பாள். கல்யாணத்துக்கு மாமன் போட்ட, வெள்ளி மாதிரி மினுக்கும் ஜெர்மன் சில்வர் கொலுசு அவள் கணுக்காலைப் புண்ணாக்கியிருந்தது. கடையில் சில்லறையைக்கூடக் கையால் வாங்க மாட்டாள், முந்தானையை நீட்டுவாள். "மகாராணி காசத் தொட மாட்டாங்களோ" என்று கடைக்காரர்கள் பேசுவது காதில் விழும். நாங்கள் பாட்டுக்கு நடந்துவிடுவோம்.

பாப்பாரப்பட்டி சந்தையில் கவரிங் கடை போடுகிற ஒருவரிடம் மட்டும் அவள் நின்று பார்ப்பாள். ஜிமிக்கியை எடுத்து மோந்து பார்ப்பாள். நாக்கு நுனியில் வைப்பாள். மணிக்கட்டின் உள்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது என்ன செய்யப் போகிறதோ என்று மூச்சை அடக்கி நிற்பாள். பிறகு கேட்பாள்: "ஒரு வாரம் வூட்ல வெச்சி, கைல கட்டிப் பாக்கறேங்க. ஒண்ணும் பண்ணலன்னா காசு தரேன்."

"ஒரு வாரம் வூட்ல வெச்சிப் பாக்க இது என்னா மாப்ளயாம்மா?"

"மாப்ளயத்தான் பாக்காம கட்டிக்கிட்டேன். இதயாச்சும் பாத்துக் கட்டிக்கிறனுங்களே!"

அந்த ஆள் சிரித்துவிட்டுக் கொடுத்தனுப்புவார். அக்கா ஜிமிக்கியை முழங்கை மடிப்பில் வைத்துப் பழந்துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்வாள். சில நாளில் அவிழ்த்தால் அங்கே சிவந்து பொரிந்திருக்கும். "இதுவும் கடிக்குதுடி. பாக்கறதுக்கு எவ்ளோ சாதுவா இருந்துச்சி!" என்று என்னிடம் காட்டுவாள். அடுத்த சந்தையில் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

ஒரு மாங்காய் சீசனில் அவள் பயம் எல்லை மீறிவிட்டது. அன்று காலை தாலியைத் தொட்டவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். பெரியவர் குளித்துவிட்டு வந்து பார்த்தால் சாவியைக் காணோம். வீடு பூராவும் புரட்டினோம். லாரி முதலாளி வாசலில் வந்து நின்று கத்த ஆரம்பித்துவிட்டார். வண்டியில் ஏற்றின மாங்காய் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. கடைசியில் மாமியார் கேழ்வரகு மாவுப் பானைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தார்.

பெரியவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "லைசன்சு எனக்குக் குடுத்தாங்களா, உன் கழுத்துக்குக் குடுத்தாங்களா? வேல போச்சின்னா உன் கழுத்தா சோறு போடும்?"

"சோறு இல்லன்னா போவுதுங்க. நீங்க இருங்க. இன்னிக்கு ஒரு நாளு இருங்க" என்று வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளைத் தாண்டித்தான் போனார். அவர் திரும்பி வருகிறவரை அவள் அந்தப் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை, பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் என் கையை நெரிப்பாள். ஒன்றும் ஆகாமல் அவர் வந்து சேர்ந்தார். "பாத்தியா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அடுத்த நாள் காலை மறுபடி முந்தானைக்குள் கையை விட்டாள்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனோம். புதுக் கயிற்றைக் கட்டித் தாலியை அதில் மாற்றிக்கொண்டு, பழைய கயிற்றை ஆற்றில் விடுவது வழக்கம். கூட்டம் பின்னாலிருந்து இடித்துத் தள்ளியது. அந்த அவசரத்தில் அக்கா தாலியை மட்டும் மாற்றிவிட்டு, ஊக்குகளைக் கழற்ற மறந்து கயிற்றோடு விட்டுவிட்டாள். மஞ்சள் கயிறு ஊக்குக் கொத்தோடு போய்விட்டது. "அய்யோ, அத்தினி ஊக்கும் போச்சேடி" என்று ஈரப் புடவையோடு புலம்பினாள்.

அதிலிருந்து கழுத்து ஆறத் தொடங்கியது. கசிவு நின்றது. கறுப்புத் தோல் உரிந்து புதுத் தோல் தெரிந்தது. காவேரித்தாய் கண் திறந்தாள் என்று மாமியார் பொங்கல் வைத்தார். அக்கா முந்தானையைத் தளர விட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கழுத்து அழகான கழுத்து! அதுவரை நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை.

தீபாவளிச் சந்தையில் நான் ஓர் அட்டை ஊக்கு வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பிரித்தேன். அக்கா ஆசையாகத் தாலியில் கோத்துக்கொண்டாள். சில நாள் கழித்து, காலையில் முந்தானைக்குள் போன கை வெளியே வரவில்லை. "எரியுதுடி" என்றாள்.

வேப்பிலை அரைத்துப் பூசப் போனபோதுதான் பார்த்தேன். முன்பெல்லாம் புண் எங்கும் பரவியிருந்ததால் எதுவும் தெரிந்ததில்லை. இப்போது தாலி கிடக்கிற நெஞ்சுக்குழி சுத்தமாக இருந்தது. ஊக்குகள் சரிந்து கிடக்கிற இடது பக்கம் மட்டும், ஓர் ஊக்கின் தலையும் உடம்பும் தெரிகிற மாதிரியே சிவந்திருந்தது.

"அக்கா, தாலி இல்லக்கா. ஊக்குதான்!"

"போடி இவளே. ஊக்கு போயி யாரயாச்சும் கடிக்குமா?"

"உங்க ஜிமிக்கிப் பரீட்சைய இதுக்கும் வெச்சிப் பாருங்களேன்."

முழங்கை மடிப்பில் ஓர் ஊக்கைக் கட்டினோம். அவிழ்த்துப் பார்த்தபோது, சந்தைக் கவரிங் எதுவும் செய்யாத அளவுக்கு அங்கே பொரிந்திருந்தது. அக்கா அதையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "ஊர்ல இருக்கற நகையெல்லாம் மோந்து மோந்து பாத்தேன். இந்தச் சனியன மார்லயே போட்டுக் கொஞ்சிக்கிட்டு இருந்திருக்கறேன்டி!" இருவரும் மூச்சு முட்டச் சிரித்தோம். ஊக்கை யார் நகையென்று கணக்கில் வைத்தார்கள்? நிக்கல் என்று ஒன்று இருக்கிறது, சில பேர் தோலுக்கு அது ஆகாது, ஊக்கின் பளபளப்பிலும் ஜெர்மன் சில்வரிலும் கவரிங்கிலும் அது இருக்கும் என்றெல்லாம் ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. மாமியார் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "ஊர்ல எவளும் ஊக்கு மாட்டலியா?" என்பார்.

அந்த ஊக்குகளை அக்கா எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். நல்ல தங்கத்தில் பொட்டாக ஒரு கம்மல் செய்து போட்டுக்கொண்டாள். காலையில் எழுந்ததும் நேரே அடுப்பங்கரைக்குப் போனாள். அடுத்த மாங்காய் சீசன் வந்தது. ஒரு நாள் பெரியவர் கிளம்பும்போது அவள் ஆட்டுக்கல்லைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "போயிட்டு வாங்க" என்று மாவுக் கையை அசைத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மத்தியானம் ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினார். "கணவாயில வண்டி சாஞ்சிருச்சிங்க. ஆளு உசுரோட இருக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க."

பஸ்ஸில் அக்கா அழவே இல்லை. கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். நெஞ்சுக்குழி, இடது பக்கம், தாலிக்கு அடியில், பின் கழுத்து. "எரியலடி" என்றாள். "காத்தால எரியவே இல்லடி. ஜில்லுன்னு இருந்துச்சி. எரிஞ்சிருந்தா வுட்டிருப்பனா?" நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அது மறுபடி கழுத்துக்கே போனது.

பெரியவருக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. உயிர் தப்பியதே பெரிது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, கம்பு ஊன்றி, பிறகு கம்பில்லாமல் நடந்தார். மறுபடி வண்டிக்குப் போகிறேன் என்றார். காலில் பழைய பலம் இல்லை, மாற்றி ஓட்ட ஓர் ஆள் வேண்டும். என் வீட்டுக்காரரிடம் லைசன்ஸ் இருந்தது. நானும் வருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு அக்கா என் முன்னால் வந்து நின்றாள். "ஊக்கு ஒண்ணு குடு" என்றாள்.

"என்னாத்துக்குக்கா?"

"குடுடி."

எனக்குப் புரிந்துவிட்டது. "உங்களுக்கு என்னா பைத்தியமா? அது அவங்க போனாலும் எரியும், போவாட்டியும் எரியும். ஊக்குதான்னு நாமதான கண்டுபுடிச்சோம்!"

"தெரியும். எல்லாம் தெரியும்" என்றாள். "அவுரு அங்க உசுரக் கைல புடிச்சிக்கிட்டு அந்த எறக்கத்துல எறங்கறாரு. எனக்கு இங்க ஒண்ணுமே எரியாம இருந்தா எப்படிடி?"

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். என் தாலியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். திரும்பி நின்று கோத்துக்கொண்டாள்.

அண்ணனும் தம்பியும் விடிந்ததும் கிளம்பினார்கள். லாரி ரோட்டில் திரும்பி மறைந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன், முன்பு அக்கா உட்கார்ந்த அதே படியில். என் கை என் கழுத்துக்குப் போனது. என் தோல் முரட்டுத் தோல், அதை எதுவும் கடிக்காது. தாலி வெறுமனே கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் எரியாத நாளில்தானே வண்டி சாய்ந்தது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அக்கா உள்ளேயிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

"எரியுதுங்களா அக்கா?" என்றேன்.

அவள் முந்தானைக்குள் கையை விட்டு, ரொம்ப நேரம் தொட்டுப் பார்த்தாள்.

"எரியுதுடி. நல்லாவே எரியுது" என்றாள். "நீ பயப்படாம போயிச் சோறு தின்னு."

நான் எழுந்துபோய்ச் சாப்பிட்டேன்.